அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம்

அன்புள்ள அக்கா,

திருவையாறு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். மகள் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். லீவு விட்டதிலிருந்து போனும் கையுமாக ‘தி சம்மர் ஐ டர்ன்ட் ப்ரெட்டி’ என்று ஒரு தொடர் பார்த்தாள். மூன்று சீசனையும் பத்து நாளில் முடித்துவிட்டாள். அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கடற்கரை வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண். பாதி பிடித்தது, பாதி பயமாக இருந்தது. இந்த வயசுப் பிள்ளை இதையெல்லாம் பார்க்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முத்தக் காட்சி வந்தால் சாதாரணமாகப் பார்க்கிறவள், அந்தப் பையன்களின் அம்மாவுக்குக் கேன்சர் என்று தெரிகிற இடத்தில் விசித்து விசித்து அழுதாள். “நீயா இருந்தாலும் இப்படித்தான் மறைப்பியாம்மா?” என்று கேட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. என் அம்மாவுக்கு மாசி மாதம் கேன்சர் என்று சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் கூட்டிக்கொண்டு போகிறோம். மகளுக்குப் பரீட்சை என்பதால் அம்மாச்சிக்கு அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். அம்மாவிடமும் அப்படித்தான். தாங்க மாட்டார் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ரிசல்ட் வரட்டும், ப்ளஸ் ஒன் சேர்த்துவிட்டு மகளிடம் சொல்லலாம் என்கிறார் வீட்டுக்காரர். நாங்கள் செய்வது சரிதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்கலாம். அதில் பிள்ளைகள் குடிக்கிறார்கள், முத்தமிடுகிறார்கள், அடுத்தடுத்த சீசன்களில் அதைத் தாண்டியும் போகிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். பயந்துபோய் போனைப் பிடுங்கியிருந்தால் அந்தக் கேள்வியை அவள் உங்களிடம் கேட்டே இருக்க மாட்டாள்.

நானும் அந்தத் தொடரை முழுக்கப் பார்த்தேன். 2022இல் முதல் சீசன் வந்தபோது அக்கா மகள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தது, 2025இல் மூன்றாவது சீசன் முடிகிறவரை விடவில்லை. ஜென்னி ஹான் எழுதிய மூன்று நாவல்கள்தான் கதை, தொடரை உருவாக்கியதும் அவரே. கதை நடக்கிற கசின்ஸ் பீச் கற்பனை ஊர், படம் பிடித்தது அமெரிக்காவில் வட கரோலினாவில் வில்மிங்டன் பக்கம். அந்தப் பெண் பெல்லி கடைசியில் அண்ணன் கான்ராடிடம் போவாளா தம்பி ஜெரமியாவிடம் போவாளா என்று ஊர் உலகமெல்லாம் பிள்ளைகள் கட்சி கட்டிக்கொண்டு நின்றார்கள். என் மனசில் தங்கியது வேறு. முதல் சீசன் முழுக்க கான்ராட் சிடுசிடுவென்று இருக்கிறான், ஃபுட்பாலை விட்டுவிட்டான், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இவனுக்கு என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அம்மா சூசன்னாவுக்குக் கேன்சர் திரும்பி வந்துவிட்டது அவனுக்குத் தெரியும். அப்பா வேறொரு பெண்ணோடு பழகியதும் தெரியும். அம்மாவோ, பிள்ளைகளுக்கு இந்த ஒரு கோடையாவது சந்தோஷமாகப் போகட்டும் என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாள். அவள் மறைப்பது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமக்கிறார்கள்.

அந்த சீசனின் கடைசியில் ஒரு விழா வருகிறது இல்லையா, பெண்களெல்லாம் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் ஒவ்வொருத்தியாக வந்து நிற்பார்கள், பெயர் சொல்லி அறிவிப்பார்கள். டெபுடன்ட் பால் என்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு என் மஞ்சள் நீராட்டுதான் கண்ணில் வந்தது. அவர்களுடையது பணக்கார வீட்டுச் சடங்கு, நம்முடையது எல்லா வீட்டுச் சடங்கு, மற்றபடி விஷயம் ஒன்றுதான்: இந்த வீட்டில் ஒரு பெண் பெரியவளாகிவிட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்வது. அந்த விழா முடிந்த ராத்திரிதான் அந்த வீட்டில் சூசன்னாவின் நோய் எல்லோருக்கும் தெரியவருகிறது. எனக்கும் அதே ராத்திரிதான் தெரிந்தது.

குடமுருட்டிக் கரையில் எங்கள் அம்மாச்சி வீடு. நாங்கள் திருச்சியில் இருந்தோம், சித்திரை வைகாசி முழுக்க அங்கேதான். நான் பெரியவளானதும் அங்கேதான். தென்னை மரத்தில் மைக் செட் குழாயைக் கட்டி விடியற்காலையிலிருந்து பாட்டுப் போட்டார்கள், மாமா தாம்பாளத் தட்டுகளோடு மேளம் வைத்துச் சீர் கொண்டுவந்தார், முன் பின் தெரியாதவர்களெல்லாம் வந்து என் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். என் உடம்பில் நடந்தது தெருக்கோடி டீக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டதே என்று எனக்கு அழுகையாக வந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் அம்மாவும் மாமாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா “அடையாறு” என்றார், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் அடையாறு என்றால் ஊர்ப் பெயர் கிடையாது, கேன்சர் என்று சொல்லக் கூசியவர்கள் அதற்குப் பதில் சொன்ன வார்த்தை. (புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர், 1954இல் சென்னை அடையாறில் கேன்சர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் வாய்விட்டுச் சொன்ன நோயைத்தான் நாம் மூடி மூடி வைத்தோம்.) தாத்தாவுக்குக் குரல் கம்மிப்போனது வெற்றிலை போட்டுத் தொண்டை கட்டியதால் என்று சொல்லியிருந்தார்கள். மெட்ராஸ் போய் வந்தது வக்கீலைப் பார்க்க என்று சொல்லியிருந்தார்கள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். மீதி லீவு முழுக்கத் தாத்தா பக்கத்தில் போகாமலேயே இருந்தேன். போனால் அழுதுவிடுவேன் என்று பயம். அவர் திண்ணையில் உட்கார்ந்து கூப்பிட்டால் அம்மாச்சி வேலை வைத்திருக்கிறார் என்று ஓடிவிடுவேன். பெரிய மனுஷி ஆனதும் பேத்திக்குத் தாத்தா வேண்டாமாகிவிட்டது என்று சொல்லிக் கேலி செய்தார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று அவர் அந்தக் கம்மின குரலில், “அடுத்த லீவுக்கு வருவியாம்மா?” என்றார். “வருவேன் தாத்தா” என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

ஆடியில் அவர் போய்விட்டார். திருச்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் வாசலில் பந்தல், தெருவெல்லாம் ஆட்கள், படித்துறையில் ஆற்றில் இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது. எனக்கு அந்த ஆறு அதுவரைக்கும் மணல்தான். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12இல் திறப்பார்கள், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து நாங்கள் ஊருக்குப் போயிருப்போம், அதனால் கோடைக்கு மட்டும் வருகிற பிள்ளைகளுக்குக் குடமுருட்டி என்றால் ஊற்றுத் தோண்டுகிற இடம், கிரிக்கெட் ஆடுகிற இடம். (2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், அந்த வருஷத்துப் பிள்ளைகளாவது லீவிலேயே தண்ணீரைப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.) நான் பிறந்ததிலிருந்து விளையாடிய ஆற்றில் முதல்முதலாகத் தண்ணீரைப் பார்த்தது தாத்தாவுக்குத் தலை முழுகப் போன அன்றைக்கு. முட்டி வரைக்கும் இறங்கி நின்றேன், கால் இழுத்தது, பக்கத்தில் சின்னம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

பல வருஷம் கழித்து அம்மா சொன்னார், தாத்தாவுக்கு எல்லாம் தெரியுமாம். ஆஸ்பத்திரி வாசலில் போர்டைப் படிக்கத் தெரியாதவரா அவர்? தெரிந்துகொண்டுதான் என்னிடம் அடுத்த லீவுக்கு வருவியா என்று கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் நானும் வருவேன் என்றேன். அந்தக் கோடையில் கடைசியாகக் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மகளின் கேள்வியை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். “நீயா இருந்தாலும் மறைப்பியா” என்றுதானே கேட்டிருக்கிறாள்? எனக்கு என்னவோ அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்றுதான் படுகிறது. அல்சருக்கு யாரும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டு திரும்புவதில்லை. மாத்திரை அட்டையில் இருக்கிற பெயரைப் போனில் போட்டுப் பார்க்க பத்தாவது படித்த பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் அழுதது அந்தத் தொடரில் வந்த அம்மாவுக்காக மட்டும் இருக்காது. சொல்லு என்று உங்களுக்கு ஒரு வழி திறந்து கொடுத்திருக்கிறாள்.

ரிசல்ட் வரட்டும் என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரிசல்ட்டுக்கு அப்புறம் ப்ளஸ் ஒன், அப்புறம் ப்ளஸ் டூ, அப்புறம் நீட்டோ கவுன்சிலிங்கோ. நம் வீடுகளில் ஒரு பரீட்சை முடிந்தால் அடுத்த பரீட்சை வாசலில் நிற்கிறது. அவரவர் தோதுக்கு நோய் காத்திருக்காது.

ஆனால் மகளுக்கும் முன்னால் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது “அம்மாவிடமும் அப்படித்தான்” என்ற வரி. சூசன்னா மறைத்தாள் என்றால் அது அவளுடைய நோய், அவளே எடுத்த முடிவு. சரியோ தப்போ, அது அவள் பாடு. உங்கள் வீட்டில் முடிவெடுத்தவர் உங்கள் அண்ணன். நோய் யாருக்கோ அவரைத் தவிர எல்லோரும் கலந்து பேசியிருக்கிறீர்கள். தாங்க மாட்டார் என்கிறீர்கள். உங்களைப் பெற்று வளர்த்தவர், தண்ணீர் வராத வருஷங்களில் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்தியவர், அவர் தாங்கியதில் பாதியை நீங்களோ நானோ தாங்கியிருப்போமா? இன்னொன்றையும் யோசியுங்கள், அந்தத் தொடரில் உண்மை வெளியே வந்த பிறகுதான் பிள்ளைகள் அம்மாவிடம் மன்றாடுகிறார்கள், வேண்டாம் என்று இருந்தவள் புதிதாக ஒரு சிகிச்சையை முயன்று பார்க்கச் சம்மதிக்கிறாள். இரண்டாவது சீசனில் அவள் இல்லை, அது வேறு. ஆனால் நடுவில் கிடைத்த நாட்களில் பிள்ளைகளும் அம்மாவும் தெரிந்தே ஒன்றாக இருந்தார்கள்.

ஆகவே முதலில் அம்மாவிடம் பேசுங்கள். தனியாகப் பயமாக இருந்தால் அடுத்த தடவை தஞ்சாவூர் போகும்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து பேசுங்கள். அண்ணனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. அம்மா என்ன கேட்கிறாரோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததை எடுத்துக் கொட்ட வேண்டாம். பேத்தியிடம் என்ன சொல்லலாம், யார் சொல்வது என்று அவரையே கேளுங்கள். நானே சொல்கிறேன் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். லீவில் அம்மாச்சியும் பேத்தியும் ஒரே அறையில்தான் படுப்பார்கள் என்று நினைக்கிறேன். விளக்கை அணைத்த பிறகு அவர்கள் பேசிக்கொள்ளட்டும், நீங்கள் கதவுப்பக்கம் நிற்க வேண்டாம்.

பேசிவிட்டு எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா