இலை இல்லாத குச்சியை நம்பாதீர்கள்

கேள்வி: தலைவாசல் பக்கம் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி. பல செடிகளில் இலை மஞ்சள் திட்டாகி, கோணிச் சிறுத்துவிட்டது. மருந்துக்கடையில் ‘வைரஸ் மருந்து’ அடிக்கச் சொல்கிறார்கள். புரோக்கர் ஒருவர், அடுத்த போகத்துக்கு வைரஸே வராத நடவுக் குச்சி தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: மருந்துச் செலவு வேண்டாம். அது இந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கொல்லலாம். இலையில் இப்படித் திட்டுப் போடுவது தேமல் நோய்; செடிக்குள் புகுந்த தேமல் வைரஸை எடுக்கும் மருந்து கிடையாது.

மஞ்சளெல்லாம் தேமல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்துக் குறைந்தாலும் கொழுந்து வெளுக்கும். அப்போது நரம்பு பச்சையாக இருக்கும், இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும், இலை கோணாது. அக்கம்பக்கத்துச் செடிகளும் ஏறக்குறைய ஒன்றுபோல வெளுத்திருக்கும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்புக் கரைசல் தெளித்தால் புதுக் கொழுந்து பச்சையாக வரும். தேமலில் திட்டுக்கு ஒழுங்கே இராது. நல்ல செடியை ஒட்டியே நோய்ச்செடி நிற்கும். இலை கோணிச் சிறுத்தது என்கிறீர்கள். உங்களுடையது தேமல்தான்.

இனி அந்தப் புரோக்கர். வெள்ளை ஈ பரப்பும்தான், ஆனால் ஊர்விட்டு ஊர் நோயைக் கொண்டுபோவது லாரியில் ஏறும் குச்சிக்கட்டு. இலை கழித்துக் கட்டிய குச்சியில் நோய் தெரியாது, அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. தேமலைத் தாங்கும் ரகங்கள் உண்டு. திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ ரக்ஷா அப்படி ஒன்று. கட்டில் இருப்பது அதுதான் என்பதற்கு அவர் வாய்ச்சொல் தவிர என்ன சாட்சி? ‘ஏத்தாப்பூர் குச்சி’ என்றும் கூசாமல் சொல்வார். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தானே, நேரில் போய்க் கேளுங்கள். உடனே கிடைக்காமல் போகலாம். ரகம் வெளியிட மேடை போடுகிறவர்கள் குச்சியைப் பெருக்கவும் அதே அக்கறை காட்டினால் இவருக்கு இங்கே என்ன வேலை? வெளியில் வாங்குவதானால், பயிர் இலையோடு நிற்கும்போதே அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இருக்கும் பயிரை அழிக்க வேண்டாம். குறைந்தாலும் கிழங்கு கிடைக்கும். அடுத்த போகத்துக்குக் குச்சி எடுக்க, திட்டே இல்லாத செடிகளுக்கு அடையாளமாக இப்போதே துணி கட்டுங்கள். வெயிலில் தேமல் மங்கிவிடும், அறுவடையில் தேடினால் ஏமாறுவீர்கள். அவற்றின் நடுத்தண்டில் மட்டும் 15 செ.மீ. கரணை (நடும் துண்டு) வெட்டுங்கள், 8 முதல் 10 கணு இருக்கட்டும். ஏக்கருக்குச் சுமார் 5,000 கரணை வேண்டும். கொஞ்சம் கூடுதலாக நாற்றங்காலில் வையுங்கள். நட்ட முதல் மாதத்தில் திட்டுக் காட்டும் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அந்தக் குழியில் நாற்றங்காலில் வைத்ததை நடலாம்.