விரதத்துக்காக ஒரே நாளில் குடியை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பதினைந்து வருடமாகத் தினமும் அரைப் போத்தல் விஸ்கி குடிக்கிறார். பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, அடுத்த வாரம் 48 நாள் விரதம் தொடங்குகிறார். போன வருடம் இப்படி நிறுத்தியபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. இந்த முறை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா? – வாசகி, செந்தூல்.

பதில்: கூடாது. நிறுத்தும்போது ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவை அது இன்னும் கடுமையாக வரலாம். மன உறுதி இருந்தால் போதும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வலிப்புக்கும் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை.

அரைப் போத்தல், அதாவது 350 மில்லி விஸ்கியில் சுமார் 110 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அவ்வளவு உள்ளே போய் மூளையை மந்தமாக்க, மூளையும் ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் மதுவை நிறுத்திவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சித்தப்பிரமை வரலாம்: சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், வீட்டு ஆட்களைத் தெரியாது, காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்போதே அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். செந்தூலுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனை பக்கம்தான். வார்டில் இடம் கிடைக்கும்வரை அவர் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருத்துவரே இப்படிச் சொல்வது விநோதமாகத் தோன்றும், ஆனால் அதுதான் பாதுகாப்பு. அதற்குள் நடுக்கம் முற்றினாலோ உளற ஆரம்பித்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியவை: கடைசியாக எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், போன வருட வலிப்பு, மஞ்சள் காமாலை வந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். வார்டில் சில மணிக்கு ஒரு தடவை நடுக்கம், வியர்வை, நாடித்துடிப்பு பார்த்து, அதற்கேற்ப மூளையை அமைதிப்படுத்தும் டயசிபாம் மாத்திரை கொடுத்து ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் பெரும்பாலும் லோராசிபாம். இதே மாத்திரையைக் கடையிலோ தெரிந்தவரிடமோ வாங்கி வீட்டில் கொடுக்காதீர்கள். மேலே மது சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம்.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. உடம்பு அசந்துவிட்டது என்று பக்கத்து கிளினிக்கில் 'டிரிப்' ஏற்றச் சொல்வார்கள். நாள்பட்டுக் குடிப்பவர் உடலில் தையமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் ஆடும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகப் போகலாம். எந்த டிரிப் ஏற்றினாலும் குடிப்பவர் என்று முதலில் சொல்லுங்கள், தையமின் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள்.

வீட்டில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் உள்ள கூர்மையான பொருளை நகர்த்துங்கள், 999க்கு அழையுங்கள். வாயில் கரண்டி வேண்டாம். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் வலிப்பு நிற்காது, அது தானாக அடங்கும்போது சாவிக்குப் பெயர் கிடைக்கிறது.

வேண்டுதல் தடைபடாது. விரதத்தை அடுத்த வாரமே தொடங்காமல், முதலில் வார்டில் சேர்ந்து, வெளியே வந்த பிறகு 48 நாளை எண்ணச் சொல்லுங்கள். அதற்கு இந்த வருடம் நாள் போதாவிட்டால் காவடி அடுத்த தைப்பூசத்துக்கு. முதல் வாரங்களில் ஒரு வேளைச் சாப்பாடு என்று வயிற்றைக் காயப்போடவும் வேண்டாம். சைவமாக மூன்று வேளையும் சாப்பிடலாம், தையமின் மாத்திரையும் தொடர வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் மாத்திரை உண்டு. ஈரல் பரிசோதனை முடிவோடு மருத்துவரிடம் கேளுங்கள்.