லண்டனில் கிளாரினெட்டை நம்பிப் பிழைக்கலாமா? புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, சென்னையில் ரெக்கார்டிங், சர்ச், ரிசப்ஷன் கச்சேரி என்று கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து, டிபெண்டன்ட் விசாவில் தெற்கு லண்டனின் குரோய்டனுக்கு வந்திருக்கிறீர்கள். "வாசிப்பை வைத்தே பிழைக்க முடியுமா அண்ணா, இல்லை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற நிலைக்கு வந்துவிடுவேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாடம் எடுப்பது ஒரு இறக்கம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்த ஊரில் காற்றுக் கருவி வாசித்துப் பிழைக்கிறவர்களில் பெரும்பாலோர் சொல்லியும் கொடுக்கிறார்கள். 1904-இல் தொடங்கிய லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வாசித்த வேலைக்குத்தான் பணம். அவர்களில் பலர் கில்ட்ஹால், ராயல் அகாடமி போன்ற இசைக் கல்லூரிகளில் மாணவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொடுக்கிறவர் வாசிக்கத் தெரியாதவர் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. நம் ஊரிலும் வித்வான் வீட்டுத் திண்ணையில் சிஷ்யர்கள் இல்லாத காலம் இருந்ததா என்ன?

சரி, காகித வேலைக்கு வருவோம். உங்கள் விசாவில் சுயதொழில் செய்யலாம், அது பெரிய வசதி. மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. பள்ளிக்குள் போய் இசைக்கருவி சொல்லிக்கொடுக்க ஆசிரியர் பட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. கட்டாயம் கேட்பது டிபிஎஸ் என்கிற பின்னணிச் சோதனை, அதிலும் 'என்ஹான்ஸ்டு' வகை. நீங்கள் அண்மையில்தான் வந்தவர் என்பதால் இந்தியாவில் எடுத்த காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழையும் கேட்பார்கள். கையில் இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். சுயதொழில் வருமானம் வரி ஆண்டில் 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிய வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5 அதற்குக் கடைசி நாள். கணக்கை ஆன்லைனில் ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். மியூசிஷியன்ஸ் யூனியனில் சேருங்கள். 1893-லிருந்து இருக்கிற சங்கம் அது. நம்மால் பிறருக்குச் சேதம் நேர்ந்தால் ஈடு தருகிற பொதுப் பொறுப்புக் காப்பீடு சந்தாவுக்குள்ளேயே வரும், பாடத்துக்கு எவ்வளவு கேட்கலாம் என்றும் அவர்களே சொல்வார்கள். அதற்குக் குறைத்துக் கேட்காதீர்கள். நீங்கள் குறைத்தால் மற்றவர்களுக்கும் குறையும்.

பணக் கணக்கில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு வாரத்துக்கு வருகிற தொகையை 52-ஆல் பெருக்கிப் பார்ப்பார்கள். பள்ளிப் பாடங்கள் ஆண்டுக்கு 30 முதல் 33 வாரம்தான் நடக்கும். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கை காய்ந்துவிடும். ஆகவே 33-ஆல் பெருக்குங்கள், அதிலிருந்து ஆகஸ்டுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். செப்டம்பரில் பாடம் தொடங்க வேண்டுமென்றால் மே, ஜூனிலேயே பள்ளிகளுக்கும், பிள்ளைகளின் இசைக் கல்வியை ஒருங்கிணைக்கிற உள்ளூர் மியூசிக் ஹப்புக்கும் எழுதிவிட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்து முழுக்க ஹப்புகளை 43-ஆகச் சேர்த்துவிட்டார்கள், அதனால் உங்கள் பகுதிக்கு எது தலைமை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலைக்குள் வருகிறேன். இங்கே பள்ளிப் பாடம் என்றால் 20 அல்லது 30 நிமிடம். கணக்கு வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை ஓடி வரும். கிளாரினெட்டை வீட்டில் விட்டுவிட்டு வரும், அல்லது ஊதும் முனையில் பொருத்துகிற நாணல் தகடான ரீடை உடைத்துக்கொண்டு வரும். ஒன்றரை நம்பர் ரீடு நாலைந்து உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு முன்பல் விழுந்திருந்தால் அந்த மாதம் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள், தாளம், நொட்டேஷன் என்று ஓட்டுங்கள். வலது கட்டைவிரல் எடை தாங்காமல் வலிக்கும், கழுத்துப் பட்டை ஒன்று மாட்டிவிட்டால் போதும்.

நம் ஊர் வழக்கத்தில் பிள்ளையின் விரலைப் பிடித்துத் துளையில் வைப்போம், தோளைத் தட்டி நிமிர்த்துவோம். இங்கே அது கூடாது. கதவில் கண்ணாடி இருக்கும் அறையில்தான் பாடம். பிள்ளைக்கு நேரடியாக மெசேஜ் அனுப்பாதீர்கள், பெற்றோரிடமோ பள்ளியிடமோதான் பேச வேண்டும். இது உங்களைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாதுகாப்பு, எனக்கு இது மிகவும் சரியாகவே படுகிறது.

தொடாமல் எப்படித் திருத்துவது? கீழ் ஸ்தாயியில் நன்றாக ஊதுகிற பிள்ளை மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கீச்சென்று கத்தும். மற்றக் கருவிகள் போல எட்டாவது சுரத்துக்குத் தாவாமல், கிளாரினெட் பன்னிரண்டாவது சுரத்துக்குத் தாவும், அதுதான் குழப்பம். பயந்துபோய் உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். அப்போது கீழ் எஃப் சுரத்தை நீளமாக ஊதச் சொல்லுங்கள். "நடுவில் நான் கீயைத் திறக்கப்போகிறேன், நீ எதையும் மாற்றாதே" என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்து ரெஜிஸ்டர் கீயை மட்டும் நீங்கள் திறந்துவிடுங்கள். எஃப் அப்படியே மேலே சி ஆகிவிடும். பிள்ளையின் கண் விரியும். உதடும் மூச்சும் அதேதான், வழக்கமாகக் கட்டைவிரல் திறக்கிற அந்தக் கீ மட்டும்தான் மாறியது என்று அதற்கே புரிந்துவிடும். அதன் பிறகும் கீச்சிட்டால், பெரும்பாலும் வலது மோதிரவிரல் துளையை முழுக்க மூடியிருக்காது. விரல் நுனியில் வட்டமாகத் தடம் பதிந்திருக்கிறதா என்று அதையே பார்க்கச் சொல்லுங்கள்.

டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது இங்கேயும் எல்லோருக்கும் தெரிந்த தேர்வு. சுர நீளங்களுக்குக் கிராட்செட், குவேவர் என்று சென்னையில் படித்த பெயர்கள்தான் இங்கும், புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் நிறையப் பள்ளிகளில் ஏபிஆர்எஸ்எம் என்கிற இன்னொரு வாரியத்தின் தேர்வுதான். அதன் நேரடித் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண், 100 வந்தால் தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். ஆறாம் கிரேடு எழுத ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும், இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் தமிழ்ப் பெற்றோர் கிரேடைத் துரத்துவார்கள். தேர்வுக்கான மூன்று பாட்டை மட்டும் ஒரு வருஷம் தேய்த்து டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளை நான்காவது பாட்டைப் பார்த்து முழிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். நீங்கள் ரெக்கார்டிங்கில் பார்த்தவுடன் வாசித்துப் பழகியவர், அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

கர்நாடக சங்கீதமும் உங்களுக்குக் கை கொடுக்கும். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டிலும் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனிலும் காட்டிய கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, இங்கே பள்ளியில் கருவி கற்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியவே தெரியாது. நான் பார்த்த தமிழ்ப் பள்ளிகளில் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஆள் உண்டு, இதற்கு இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு வகுப்புத் தொடங்கிப் பாருங்கள்.

மரக் கிளாரினெட் கொண்டு வந்திருந்தால் நவம்பருக்கு முன் கவனியுங்கள். சென்னையின் ஈரக் காற்றில் பழகிய மரம் இங்கே ஹீட்டர் ஓடும் அறையில் காய்ந்து சுருங்கும், வளையம் தளரும், மேல் துண்டில் விரிசல் விடும். பெட்டிக்குள் ஈரம் காக்கும் பொருள் ஒன்று வையுங்கள். குளிரிலிருந்து வந்ததும் ஊதாமல் முதலில் கையால் சூடாக்குங்கள். பள்ளிக்கு ஒரு பிளாஸ்டிக் கிளாரினெட் போதும்.

வாசிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் வழி உண்டு. இங்கே ஊர் ஊராக நாடகக் குழுக்கள் மியூசிகல் போடுகின்றன. அவற்றில் 'ரீடு' எனப்படும் காற்றுக் கருவிப் பாகங்களில் ஒரே ஆள் கிளாரினெட், சாக்ஸ், புல்லாங்குழல் என மாறி மாறி வாசிக்க வேண்டியிருக்கும். உங்களிடம் இரண்டு இருக்கிறது. வெஸ்டர்ன் ஃப்ளூட்டையும் இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மாற்றாளாக முதலில் தேடுவது மூன்றும் வாசிக்கிறவரைத்தான். உங்கள் பக்கத்து நாடகக் குழுவின் இசை இயக்குநருக்கு இப்போதே ஒரு வரி எழுதுங்கள். அப்புறம், அந்தக் காவல்துறைச் சான்றிதழ் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள், எங்கள் பக்கத்தில் ஆள் தேடுகிற பள்ளிகளின் விவரம் அனுப்புகிறேன்.