பெங்களூருக்கு மாற்றல், மகனுக்குப் பத்தாம் வகுப்பு: பள்ளிக்கு முன்னால் பார்க்க வேண்டியது எல்லைக்கோடு

அன்புள்ள சகோதரிக்கு,

கணவருக்கு ஜூன் முதல் பெங்களூரில் வேலை. மகன் திருச்சியில் அரசு உதவிபெறும் பள்ளியில், ஆங்கில வழியில், ஒன்பதாம் வகுப்பை முடிக்கப்போகிறான். கம்ப்யூட்டர் பிடிக்கும் என்கிறான். அப்பாவுக்கு அவனை இன்ஜினீயரிங் படிக்கவைக்க ஆசை. பெங்களூரில் நல்ல பள்ளிகளாக ஐந்தாறு பெயர்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே பெயர்களைத் தர எனக்கு மனம் வரவில்லை. கணவரின் அலுவலகம் பெங்களூரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மகன் இதைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதும் கடிதத்தில் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் பள்ளிப் பெயர் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்துச் சீட்டு எழுதுகிற வேலை.

பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் அவசரம்.

கர்நாடக மாநில வாரியத்தின் எஸ்.எஸ்.எல்.சி.யில் அவனைச் சேர்த்தால் கன்னடமும், பெரும்பாலான பள்ளிகளில் இந்தியும் எதிரே வந்து நிற்கும். தமிழும் ஆங்கிலமும் மட்டுமே படித்து வளர்ந்த பையன், எழுத்துக்கூட்டத் தெரியாத மொழியில் பத்து மாதத்தில் பொதுத்தேர்வு எழுத வேண்டியிருக்கும். விலக்கு கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைவதிலேயே அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். இந்த வழியை மறந்துவிடுங்கள்.

சிபிஎஸ்இ பள்ளி? பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்ப்பதை சிபிஎஸ்இ பொதுவாக அனுமதிப்பதில்லை. ஒன்பதையும் பத்தையும் சேர்த்தே ஒரு படிப்பாகப் பார்க்கிறது. பெற்றோருக்குப் பணியிட மாற்றம், குடும்பமே ஊர் மாறுகிறது என்ற காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு. அப்போதும் பணிமாற்ற ஆணை, மதிப்பெண் பட்டியல், கல்வி அலுவலரின் மேலொப்பம் பெற்ற டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) எல்லாம் வைத்துப் பள்ளி வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். "சேர்த்துக்கொள்கிறோம், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு பள்ளி சொன்னால், கட்டணம் கட்டும் முன் அந்த அனுமதிக்கு எப்போது விண்ணப்பிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் பள்ளியில் சேர்க்காதீர்கள். மொழிச் சிக்கல் இங்கேயும் தீராது. சிபிஎஸ்இ பாடமொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. ஆனால் அதைக் கற்பிக்க அந்தப் பெங்களூர்ப் பள்ளியில் ஆசிரியர் இருக்க வேண்டுமே! அங்கே வழக்கமாகக் கிடைப்பவை கன்னடம், இந்தி, சமஸ்கிருதம், சில இடங்களில் பிரெஞ்சு.

இவையெல்லாம் ஓராண்டுத் தொல்லைகள். இனி வருவது அவன் கல்லூரிக்குப் போகும்போது தெரியவரும் விஷயம். பெற்றோர் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் இதைக் கேட்டுத் திகைத்துப்போகிறார்கள்.

மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளான என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு. அந்த மாநில மாணவர் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பிறந்த ஊரையோ தாய்மொழியையோ ரேஷன் கார்டையோ வைத்து இல்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் எழுதித் தேறினார் என்பதை வைத்து. திருச்சியை அடுத்த துவாக்குடி என்.ஐ.டி.யின் வாசலைப் பஸ்ஸில் கடந்து வளர்ந்த உங்கள் மகன், பன்னிரண்டாம் வகுப்பைப் பெங்களூரில் முடித்தால் அந்தக் கல்லூரிக்கு வெளிமாநிலத்தவன் ஆகிவிடுவான். அவனுடைய சொந்த மாநிலக் கல்லூரி அப்போது மங்களூருக்கு அருகிலுள்ள சூரத்கல். சூரத்கல்லும் நல்ல கல்லூரிதான், நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தெரிந்து தேர்ந்தெடுப்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

கர்நாடக அரசு ஒதுக்கீட்டு இடங்களோ இன்னும் கறாரானவை. அவற்றுக்கான நுழைவுத் தேர்வான கே.சி.இ.டி.யில் கர்நாடக மாணவராகத் தகுதி பெற, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு. (அங்கே பன்னிரண்டாம் வகுப்புக்கு அதுதான் பெயர்) வரையிலான காலத்தில் குறைந்தது 7 கல்வியாண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. மத்திய அரசு ஊழியர், படைவீரர் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் தனி வழிகள் உண்டு. தனியார் நிறுவன ஊழியரின் மகன் அங்கே இரண்டு, மூன்று ஆண்டு படித்தால் என்.ஐ.டி.க்கு அவன் கர்நாடகத்தான், கர்நாடக அரசு ஒதுக்கீட்டுக்கு அவன் கர்நாடகத்தான் இல்லை! அவனுக்கு அங்கே மிச்சமிருப்பது தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே தேர்வும் நிர்வாக ஒதுக்கீடும். அந்தக் கட்டணங்களை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக் கதவு அவனுக்கு மூடிவிடாது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்றிதழ் (நேட்டிவிட்டி) தேவையில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். வேறு வாரிய மதிப்பெண்களை மாநில வாரிய மதிப்பெண்களோடு சமன்செய்யவும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான். சாதிச் சான்றிதழ் விஷயத்திலும் கவனம் வேண்டும்: இங்கே பி.சி., எம்.பி.சி. என்று கிடைக்கும் இட ஒதுக்கீடு ஓசூரைத் தாண்டினால் கர்நாடக அரசு இடங்களுக்குச் செல்லாது. (உங்கள் மகன் உதவிபெறும் பள்ளியில் படிப்பதால் அவனுக்குப் பொருந்தாது, ஆனாலும் இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காகச் சொல்கிறேன்: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவரும் பிள்ளையை நடுவில் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோனால் மருத்துவம், பொறியியலில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கைநழுவிவிடும்.)

ஓசூர் என்றேன். அலுவலகம் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதற்குக் காரணமே அந்த ஊர்தான். எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று ஓசூர் சாலையை ஒட்டி அலுவலகம் இருந்தால், குடும்பம் ஓசூரில் வீடு எடுக்கலாம். பையன் அதே மாநில வாரியத்தில், அதே பாடநூல்களோடு, அதே எமிஸ் எண்ணோடு (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எண்) பத்தாம் வகுப்பைத் தொடர்வான். தமிழ் அவனுக்குப் பாடமாகவே இருக்கும். பன்னிரண்டையும் அங்கேயே முடித்தால் பிறப்பிடச் சான்றிதழுக்கு வேலையில்லை, துவாக்குடிக்கும் அவன் சொந்த மாநிலத்தவன். கணவர் தினமும் மாநில எல்லையைக் கடந்து போய்வர வேண்டும். அத்திப்பள்ளி நெரிசல் லேசுப்பட்டதல்ல. ஆனாலும் நாற்பத்தைந்து வயதுக்காரர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதும், பதினைந்து வயதுப் பையன் பள்ளி வேனில் தூங்கி விழுவதும் ஒன்றில்லை. அலைச்சல் ஒருவருக்கு என்றால் அது பெரியவருக்கு இருக்கட்டும்.

அலுவலகம் வைட்ஃபீல்டிலோ ஹெப்பாளிலோ இருந்தால் ஓசூர் யோசனையைக் கைவிடுங்கள். அப்போது என் யோசனை, பத்தாம் வகுப்பைத் திருச்சியிலேயே முடிக்கட்டும் என்பது. கணவர் முன்னால் போகட்டும். இரவு ரயில் இருக்கிறது, வாரக் கடைசியில் வந்துபோகலாம். இரண்டு வீட்டுச் செலவு ஓராண்டுக்குக் கடிக்கும், மறுக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் போனால் கிடைக்கும் பெரிய லாபம், அந்த வகுப்பில் பாதிப் பேர் புதிதாகச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். பத்தாம் வகுப்பில் நுழைகிறவன் எட்டு, ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்தே வளர்ந்த கும்பலுக்கு நடுவே தனியாக உட்கார வேண்டும்.

பதினொன்றில் பெங்களூர் என்றால் சிபிஎஸ்இயா பி.யு.வா என்ற கேள்வி வரும். பி.யு.வில் இரண்டு மொழி, நான்கு பாடம். அந்த இரண்டாவது மொழியாக எதைத் தருவார்கள் என்று கல்லூரிக்குக் கல்லூரி கேட்க வேண்டும். சிபிஎஸ்இயில் பதினொன்று, பன்னிரண்டுக்கு ஆங்கிலம் ஒரு மொழியே போதும், மற்ற நான்கும் பாடங்கள். இந்தி, கன்னடம் இரண்டும் அறியாத பையனுக்கு நான் சிபிஎஸ்இ பக்கமே சாய்வேன். பத்தாம் வகுப்பை மாநில வாரியத்தில் முடித்தவர்கள் அங்கே பதினொன்றில் சேரத் தடையில்லை. பெயருக்குச் சேர்ந்துகொண்டு பயிற்சி மையத்தில் உட்காரும் 'டம்மி' பள்ளி ஏற்பாட்டை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. வாரியமும் இப்போது அதைத் தேடித்தேடிப் பிடிக்கிறது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறைப் பேனரில் உள்ள முகங்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். வேதியியல் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போனதும் மாணவன் ஒருவனுடைய செய்முறை நோட்டைப் புரட்டுங்கள். ஒவ்வொரு சோதனையின் கீழும் ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும் இருக்கும். ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் இரண்டு என்று தேதிகள் தள்ளித் தள்ளி இருந்தால், ஓரங்களில் அமிலக் கறை பட்டிருந்தால், அங்கே பாடம் நடக்கிறது. எல்லாச் சோதனைக்கும் ஒரே பச்சை மையில், ஒரே வாரத் தேதியில் கையெழுத்து வரிசையாக விழுந்திருந்தால், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் அந்த அறையைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல்வரின் அரை மணி நேரப் பேச்சைவிட அந்த நோட்டு அதிகம் சொல்லும். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பத்து நிமிடம் நின்று, பிள்ளைகள் என்ன முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்றும் பாருங்கள். வீட்டை அதற்குப் பிறகு பிடியுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டுப் பள்ளி தேடினால் வேனில் போகும் நேரத்தை பெங்களூர்ச் சாலைகள்தான் முடிவு செய்யும்.

இனி மகன். சென்ற ஆண்டு என் அறைக்கு வந்த ஒரு தந்தை, நான்கு பள்ளிகளின் கையேடுகளை மேசையில் பரப்பி, தேர்ச்சி விகிதங்களை எனக்கு வாசித்துக்காட்டினார். பக்கத்தில் இருந்த பையன் ஒவ்வொரு கையேட்டையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்தான். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். கைப்பந்து மைதானம் இருக்கிறதா என்று பார்த்தானாம். அதை அவன் வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை. உங்கள் மகனிடம் முடிவைச் சொல்லாதீர்கள். இரண்டு பள்ளிகளாகச் சுருக்கிக்கொண்டு, இரண்டையும் அவனுக்கு நேரில் காட்டி, எது வேண்டும் என்பதை அவனிடம் விடுங்கள். தானே தேர்ந்த பள்ளியில் முதல் மூன்று மாதம் கசந்தாலும் தாக்குப்பிடிப்பான். ஊர் மாறவே மாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தால், சோம்பல் என்று ஒதுக்கிவிடாமல் யாரைப் பிரிய மனமில்லை என்று விசாரியுங்கள். பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்றால் அதையும் யோசிக்கலாம். பாட்டிக்கு உடம்பு இடம் கொடுத்தால் மட்டும்.

காகிதங்கள் பற்றி ஒரு வார்த்தை. புதிய பள்ளி எழுத்தில் சேர்க்கையை உறுதி செய்யும்வரை இங்கே டி.சி. கேட்காதீர்கள். வாங்கியபின் இடம் கிடைக்காமல் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்க வேண்டிவரும். வெளிமாநிலம் என்றால் டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள். மே மாத விடுமுறையில் அலைந்தால் கிடைக்காது, ஏப்ரலிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லிவையுங்கள். எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்பிடச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் திருச்சி முகவரி கையில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பெங்களூருக்குப் போனபின் தாசில்தார் அலுவலகத்துக்காக விடுப்பு எடுத்து வருவது வீண் அலைச்சல்.