அதிக வேகமுள்ள கணினியை நாமே அசெம்பிள் செய்யும்போது ஏர் கூலர் போதுமா, லிக்விட் கூலர்தான் வேண்டுமா?

செயலியின் (பிராசசர்) சூட்டைத் தணிக்க, விசிறியால் இயங்கும் ஏர் கூலரே போதும்; பம்பு வைத்து நீரைச் சுற்றவிடும் லிக்விட் கூலர் தேவையில்லை. வீடியோ எடிட்டிங்குக்காக இரண்டு லட்சம் ரூபாய் அளவில் ரைசன் 9 செயலி வைத்த கணினி ஒன்றை அசெம்பிள் செய்யப்போவதாகவும், லிக்விட் கூலர் போடாவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது என்று கடைக்காரர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே சொற்களை 2021-இல் ஒரு கடைக்காரர் என்னிடமும் சொன்னார். நானும் நம்பிப் பணம் கொடுத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கணினிப் பொறியாளர் அல்லன். வேலூரில் பதினோரு ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கத்திரி நாட்களில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் அடுப்பங்கரையில் இருப்பது போலத்தான் இருக்கும். முகூர்த்தங்கள் வரிசையாக வருவதும் அதே சித்திரை, வைகாசியில்தான். ஆகவே என் கணினி ஆண்டிலேயே அதிகமாக உழைக்கும் மாதமும், ஆண்டிலேயே அறை அதிகமாகக் கொதிக்கும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நீங்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

2023 வைகாசியில், மறுநாள் மாலை வரவேற்பில் திரையிட வேண்டிய ஒரு முன்னோட்ட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்தபோது கணினி தானாக அணைந்தது. மீண்டும் போட்டேன், சில நிமிடங்களில் மறுபடியும் அணைந்தது. கேபினெட்டைத் திறந்து, லிக்விட் கூலரின் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்டது, மற்றொன்று சாதாரணமாக இருந்தது. பம்ப் நின்றுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. வாங்கி இரண்டரை ஆண்டுகள்கூட ஆகவில்லை. உத்தரவாதம் இருந்தது, ஆனால் பொருளை அனுப்பி, அவர்கள் சோதித்து, மாற்றுப் பொருள் வர மூன்று வாரங்கள் ஆகும் என்றார்கள். உத்தரவாதம் பணத்தைக் காப்பாற்றும், மறுநாள் வரவேற்பைக் காப்பாற்றாது.

அன்று இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்துத் தெருவில் கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், தன் அலமாரியில் கிடந்த பழைய ஏர் கூலர் ஒன்றைக் கொடுத்து உதவினார். நான்கு செம்புக் குழாய்களும் ஒரே ஒரு விசிறியும் கொண்ட, இரண்டாயிரம் ரூபாய்கூடப் பெறாத ஒற்றைக் கோபுரக் கூலர் அது. அதை மாட்டிக்கொண்டு விடியும்வரை அந்தக் கணினி ஓடியது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லிக்விட் கூலர் நன்றாக இருந்த காலத்தைவிட வெப்பம் ஆறு டிகிரிதான் கூடுதல். அந்த ஆறு டிகிரிக்காகவா நான் அத்தனை ஆயிரம் கொடுத்தேன் என்ற எரிச்சலில்தான் அடுத்த கணினியை நானே அசெம்பிள் செய்வது என்று முடிவு செய்தேன்.

லிக்விட் கூலர் என்றவுடன் தண்ணீர் எப்படியோ வெப்பத்தை விழுங்கிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் வெப்பத்தை ரேடியேட்டர் வரை தூக்கிச் செல்கிறது, அவ்வளவுதான். அங்கே அதை வாங்கிக்கொண்டு போவது அதே அறைக்காற்றுதான். ஏர் கூலரிலும் ஒரு நீர் வேலை செய்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தச் செம்புக் குழாய்களுக்குள் காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு நீரை வைத்து மூடியிருக்கிறார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால் அந்த நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகி, மேலே உள்ள அலுமினியத் தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராக மாறுகிறது. பிறகு குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மீண்டும் அடிப்பகுதிக்கு வருகிறது. இதற்குப் பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கெட்டுப்போகக்கூடிய ஒரே பொருள் விசிறி; அதைச் சில நூறு ரூபாய்க்கு எந்த ஊரிலும் வாங்கிவிடலாம்.

ஆடியில் எங்களுக்கு வேலை இருக்காது. அந்த ஆடியில் காட்பாடியிலிருந்து ரயிலேறிச் சென்னை சென்று, ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுவதும் அலைந்து பொருள்களை வாங்கினேன். செயலி ரைசன் 9 7950எக்ஸ், பி650 மதர்போர்டு, 64 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 850 வாட் கோல்டு தர எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி). கூலருக்கு முதலில் நாக்டுவா என்எச்-டி15-ஐத்தான் மனத்தில் வைத்திருந்தேன். 2014-இல் வந்த அந்தக் கூலருக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் உயரம் 165 மில்லிமீட்டர், விசிறிகளோடு எடை 1,320 கிராம், விலையும் அதற்கேற்ப. கடைசியில் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற இரட்டைக் கோபுரக் கூலரை நான்காயிரத்துச் சொச்சத்திற்கு வாங்கினேன். ஆறு குழாய்கள், இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகள், உயரம் 155 மில்லிமீட்டர். என் கேபினெட்டில் 160 வரை இடம் இருந்தது.

இருந்தது என்றுதான் நினைத்தேன். கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று வண்ண விளக்கு வைத்த உயரமான ரேமை வாங்கியிருந்ததால், முன்பக்க விசிறியைச் சற்று மேலே தூக்கி மாட்ட வேண்டியதாயிற்று. தூக்கியவுடன் பக்கவாட்டுக் கதவு மூட மறுத்தது. பத்து நாட்கள் கதவில்லாமல் ஓட்டினேன். ஒரு காலையில் கிராபிக்ஸ் கார்டின் மேல் பல்லி ஒன்று குளிர் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, அந்த ரேமை நட்டத்திற்கு விற்றுவிட்டு விளக்கில்லாத குட்டை ரேமை வாங்கினேன். ஆகவே கூலரின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ரேமின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முதன்முறை போட்டபோது திரை சில நிமிடங்களுக்குக் கறுப்பாகவே இருந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்ச் செயலி போய்விட்டது என்று எனக்கு வியர்த்துவிட்டது. என்னுடையதைப் போன்ற ஏஎம்5 வகை மதர்போர்டுகள் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. அணைத்து அணைத்துப் போடாமல் பொறுமையாக இருங்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்கே வெட்கமான செய்தி. கதவை மூடிய பிறகு, அறை 32 டிகிரியில் இருந்த ஆவணி மாதத்திலேயே செயலி 93 டிகிரியைத் தொட்டது. செயலிக்கும் கூலருக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டு மீண்டும் இரண்டு முறை வைத்தேன். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டுவிட்டேனோ என்று பார்த்தேன், உரித்துத்தான் இருந்தேன். கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது என் மனைவி பூஜையறையில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை வாங்கிவந்து கேபினெட்டின் பின்புறம் பிடித்தேன். வெளியே தள்ளப்பட வேண்டிய புகை உள்ளே இழுக்கப்பட்டது. பின்பக்க விசிறியை நான் திருப்பி மாட்டியிருந்தேன். கூலர் பின்னோக்கித் தள்ளிய சூடான காற்றை அந்த விசிறி அதன் முகத்திலேயே திருப்பி ஊதிக்கொண்டிருந்தது. விசிறியின் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். இந்த ஒரு வாக்கியத்தை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். நான்கு திருகுகளைக் கழற்றித் திருப்பி மாட்டியதும் 93 என்பது 81 ஆயிற்று.

இப்போது வெயில் கணக்கிற்கு வருகிறேன். எந்தக் கூலரும் செயலியை அறையைவிடக் குளிர்ச்சியாக்காது. ஒரே அளவு மின்சாரத்தை இழுக்கும்போது, செயலிக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருக்கும். என் கணினியில் அது 49 டிகிரி: ஏசி போட்டு அறை 25-இல் இருந்தால் செயலி 74, கத்திரியில் ஏசி இல்லாமல் அறை 37-ஐத் தொட்டால் 86. குளிர் நாட்டில் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் எடுத்த வீடியோவில் காட்டும் எண்ணோடு பதினைந்தைக் கூட்டிக்கொண்டால் நம் ஊர் எண் கிடைத்துவிடும்.

ஆனால் இந்த 49 டிகிரி, செயலியை ஈகோ மோடில், அதாவது மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் அமைப்பில், வைத்ததால் கிடைத்தது. 7950எக்ஸ் செயலியின் அறிவிக்கப்பட்ட அளவு 170 வாட் என்றாலும், கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் அது 230 வாட் வரை இழுக்கும். 95 டிகிரி வரை தானாகவே ஏறி அங்கேயே நிற்கும்படிதான் அதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அதை வடிவமைத்திருக்கிறது. நல்ல கூலர் போட்டால் 95-இல் கொஞ்சம் வேகமாக ஓடும், சுமாரான கூலர் போட்டால் அதே 95-இல் கொஞ்சம் மெதுவாக ஓடும். இது தெரியாதவர்கள்தான் 95-ஐப் பார்த்தவுடன் கூலரைக் குறை சொல்கிறார்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் 105 வாட் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்தால் செயலி அதிகபட்சம் 142 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு 21 நிமிடத்தில் முடிந்த எக்ஸ்போர்ட், ஈகோ மோடில் இருபத்திரண்டரை நிமிடம் ஆகிறது. அந்த ஒன்றரை நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் 88 வாட் வெப்பம் அறைக்குள் வராது. இதைக் கேட்டுவிட்டு, “பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை யாராவது குறைத்துக்கொள்வார்களா?” என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். குறைத்துக்கொண்ட பிறகும் அது என் பழைய கணினியைவிட மிகவும் வேகமாகவே இருக்கிறது, ஐயா.

கூலரைவிடக் கேபினெட்டுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். என் கிராபிக்ஸ் கார்டு தனியாக 200 வாட் வரை வெப்பத்தைக் கேபினெட்டுக்குள் கொட்டுகிறது. அந்தச் சூடான காற்றைத்தான் மேலே இருக்கும் ஏர் கூலர் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. முகப்பில் கண்ணாடி வைத்த கேபினெட்டுகள் பார்க்க நன்றாக இருக்கும், மூச்சுதான் விடாது. வலை முகப்பு உள்ளதை வாங்கி, முன்னால் இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கவும், பின்னால் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி வெளியே தள்ளவும் அமையுங்கள். உள்ளே வரும் காற்று சற்றுக் கூடுதலாக இருந்தால் தூசு சந்துகளின் வழியாக நுழையாமல் வடிகட்டி வழியாகவே வரும். கணினி மேசையில் கதவு போட்ட மரப்பெட்டி இருக்குமே, அதற்குள் மட்டும் வைக்காதீர்கள். பழைய கணினியை நான் அங்கேதான் வைத்திருந்தேன் என்பதையும், அந்தப் பம்ப் நின்றுபோனதில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

லிக்விட் கூலர் விரும்பிகள் சண்டைக்கு வர வேண்டாம். ஐந்தாறு ஆண்டுகள் பழுதின்றி ஓடும் லிக்விட் கூலர்கள் இருக்கின்றன. இன்டெல் ஐ9 13900கே போன்ற, 253 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும் செயலியைக் கட்டுப்பாடின்றி மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உண்மையிலேயே உதவும். எடிட்டிங் அப்படிப்பட்ட வேலை அன்று; பாதி நேரம் கணினி நம் முடிவுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

மிச்சமான பணத்தை என்ன செய்தேன் என்றால், ஒரு கிலோவோல்ட்-ஆம்பியர் யுபிஎஸ் வாங்கினேன். வழக்கமாகக் கடையில் கையில் திணிக்கும் 600 வோல்ட்-ஆம்பியர் யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் நடக்கும்போது மின்சாரம் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். இன்னும் நல்லதாக வாங்கியிருப்பேன். ஆனால் “நாளைக்கே வேண்டும், மாப்பிள்ளை வெளிநாடு போகிறார்” என்று இரவெல்லாம் தூங்கவிடாமல் வேலை வாங்கும் குடும்பங்கள், பென்டிரைவ் கைக்குப் போனவுடன் மீதிப் பணத்தை மறந்துவிடுகின்றன. வளைகாப்பு வீடியோவுக்கு அழைக்கும்போதுதான் அவர்களுக்குத் திருமணப் பாக்கி நினைவுக்கு வருகிறது. அதுவும் நான் நினைவூட்டினால். இதை இங்கே சொல்லக்கூடாதுதான், மன்னிக்கவும்.

இரண்டு கத்திரிகளைத் தாண்டிவிட்ட என் கணினிக்கு இதுவரை நான் செய்த பராமரிப்பு, மாதம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவுவதும் புளோவரால் தூசு ஊதுவதும்தான். ஊதும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழலவிட்டால் அதன் பேரிங் போய்விடும். கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்குவதாக இருந்தால், ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கூலர் மதர்போர்டில் தொங்கிக்கொண்டிருக்க, அந்தக் கணினியை லாரி பார்சலில் மட்டும் போடாதீர்கள். கூலரைக் கழற்றித் தனிப்பெட்டியில் வைத்துத் தரச் சொல்லி, கூடவே கொஞ்சம் தெர்மல் பேஸ்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மாட்ட ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் அரைமணி நேரமும் போதும். விசிறி பார்க்கும் திசையை மட்டும் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.