இலவசமாக வந்த பீரோவும் உள்ளே இருந்த சங்கிலியும்

கேள்வி: எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "பழைய இரும்பு பீரோ, இலவசம், வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று படத்துடன் போட்டிருந்தார். குட்டியானை பிடித்துக் கொண்டுவந்தோம். ஏற்றும்போது அவருடைய அம்மாவும் வாசலில் நின்றிருந்தார். துருவைத் தேய்த்து பெயின்ட் அடிக்க 2,800 ரூபாய் ஆனது. அப்போது லாக்கருக்குக் கீழே இருந்த ரகசிய டிராயரில், மஞ்சள் துணியில் முடிந்து வைத்த சங்கிலி ஒன்று கிடைத்தது. ஒன்றரைப் பவுன் இருக்கும். "பீரோவோடு வந்தது, நமக்குத்தான்" என்கிறார் கணவர். இப்போது பீரோவைக் கொடுத்தவர், "அம்மாவுக்குச் சீராக வந்த பீரோ, திருப்பிக் கொடுங்கள்" என்கிறார். சங்கிலியைப் பற்றிப் பேச்சே இல்லை. என்ன செய்வது?
- வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் பீரோ. காசு வாங்காமல் மனமுவந்து கொடுத்து, நீங்களும் ஏற்றுக்கொண்டால் அது தானம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி, அசையும் பொருளைத் தானம் செய்யப் பத்திரம் கட்டாயமில்லை, கையில் ஒப்படைத்தாலே போதும். குட்டியானையில் ஏறியபோதே வேலை முடிந்துவிட்டது. ஏற்றுவதற்கு முன் அவர் மனம் மாறி வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. கொடுத்த பிறகு, "மனசு கேட்கவில்லை" என்பதற்காகத் தானத்தை ரத்து செய்ய 126-வது பிரிவு இடம் தரவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். சீர் பீரோ என்றால் அது அம்மாவின் சொத்து. தன்னுடையதல்லாததை மகன் தானம் செய்ய முடியாது. நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினீர்கள் என்பதும் அங்கே உதவாது. அதனால்தான் அம்மா வாசலில் நின்றது முக்கியம். தன் பொருள் வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, பிறகு "நான் சம்மதிக்கவில்லை" என்றால் எளிதில் எடுபடாது. அன்று என்ன பேசினார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். குழுவில் வந்த பதிவையும் மகனோடு வாட்ஸ்அப்பில் பேசிய உரையாடலையும் அழிக்காதீர்கள்.

சங்கிலி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது தவறு. உள்ளே இருப்பதே தெரியாத பொருளை ஒருவர் எப்படித் தானம் செய்திருக்க முடியும்? இங்கிலாந்தில் 1841-லேயே இதே கதை நீதிமன்றம் ஏறியது. மெர்ரி எதிர் கிரீன் என்பது வழக்கு. ஏலத்தில் எடுத்த மேசை அலமாரியின் ரகசிய டிராயரில் பணம் இருந்தது, எடுத்தவர் அமுக்கிக்கொண்டார். விற்றது அலமாரியைத்தான், உள்ளே இருந்த பணத்தை அல்ல, இது திருட்டாகவே ஆகலாம் என்றார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கே அந்த நிலை!

நம் ஊரில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314-வது பிரிவு இருக்கிறது. பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. சொந்தக்காரர் யாரென்று தெரிந்தும் வைத்துக்கொண்டிருப்பது உங்கள் நிலையை நாளுக்கு நாள் மோசமாக்கும். அவர் கேட்கவில்லை என்பது பதிலாகாது. சீர் பீரோ என்று திடீரென நினைவு வந்ததைப் பார்த்தால், அம்மாவுக்கு அந்த மஞ்சள் துணி ஞாபகம் வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றே போன் செய்து சொல்லுங்கள். சங்கிலியை எடை போட்டு, படம் எடுத்து, அக்கம்பக்கத்தார் இருவர் முன்னிலையில் அம்மாவின் கையிலேயே கொடுங்கள். "இன்ன எடையுள்ள சங்கிலியைப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். "பீரோவை விட்டால் சங்கிலி தருகிறேன்" என்று மட்டும் பேரம் பேசிவிடாதீர்கள்.

அதன் பிறகும் பீரோதான் வேண்டும் என்றால், கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுப்பதானால் வண்டி வாடகையையும் பெயின்ட் செலவையும் தயங்காமல் கேளுங்கள். அப்புறம், போவதற்கு முன் அந்த டிராயரை முழுதாக வெளியே உருவிப் பாருங்கள். சங்கிலியோடு ஒரு ஜோடித் தோடும் இருந்தது என்று நாளை யாராவது சொன்னால், "இல்லை" என்று தெம்பாகச் சொல்ல வேண்டுமே.