சின்னப்பன் தாத்தா பேரும் பவுலா பாப்பாவும்

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்குப் பொண்ணு பொறந்து இருபது நாளாச்சு, வர்ற மாசம் ஞானஸ்நானம். பவுலானு வைக்கணும்னு ஆசை, லத்தீன் பேருனு நெட்ல பாத்தேன். எங்க அத்தையோ அவங்க அப்பா சின்னப்பன் பேரு வர்ற மாதிரிதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. போதாததுக்கு பவுலானா 'சின்னது'னு அர்த்தமாம், பச்சப்புள்ளைக்குப் போயி இப்படி ஒரு பேரானு எங்கம்மாவுக்கும் மனசு ஒப்பல. என்னண்ணே செய்ய?
- ஒரு வாசகி, ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: தங்கச்சி, நீ கேக்குறதும் உங்க அத்தை கேக்குறதும் ஒரே பேருதாம்மா! லத்தீன்ல பவுலுஸ்னா சின்னவன், பவுலானா சின்னவ. அந்தக் காலத்துல இங்க வந்த சாமியாருங்க பல புனிதர்களோட பேர அப்படியே சொல்லாம அர்த்தத்த எடுத்து தமிழ்ல வச்சாங்க, அப்படித்தான் பவுலுஸ் நமக்கு சின்னப்பர் ஆனாரு. ஜூன் 29 ராயப்பர் சின்னப்பர் திருநாள்னு சொல்றோம்ல, அந்தச் சின்னப்பர் பவுலேதான். பெனடிக்ட் ஆசீர்வாதப்பர் ஆனதும், ஸ்தேவான் முடியப்பர் ஆனதும் இதே கணக்குதான், கிரேக்கத்துல அந்தப் பேருக்கு கிரீடம்னு அர்த்தம். இத்தாலிக்காரரு கொஸ்தான்சோ பெஸ்கி தன்னோட பேரயே தைரியநாதர்னு மாத்திக்கிட்டாரு, அவரத்தான் நாம வீரமாமுனிவர்ங்கிறோம். மதுரை மிஷன் நம்ம மண்ணுக்குக் குடுத்ததுல இந்தப் பேருங்கள நான் ரொம்பப் பெருசா நெனைக்கிறேன், ஏன்னா சின்னப்பன்னு கூப்பிடுறப்ப அது வெளியூர்ப் பேருனு யாருக்குமே தோணாது, அவ்வளவு நம்ம பேரா ஆயிப்போச்சு.

சரி, ரோமாபுரிக்கு வருவோம். அங்க ஆம்பளைங்களுக்கு சொந்தப் பேரு, குலப்பேரு, அதுக்கப்புறம் பட்டப்பேரு மாதிரி ஒண்ணு, இப்படி மூணு இருக்கும். அந்த மூணாவது பல நேரம் உடம்ப வச்சு, இல்ல ஏதாவது அடையாளத்த வச்சு வந்து அப்படியே பரம்பரையா ஒட்டிக்கிரும், சிசரோங்கிற பேரே கொண்டைக்கடலையில இருந்து வந்ததுதான். பவுலுஸும் அப்படித்தான், ஏமிலியுஸ் குலத்துல ஒரு கிளைக்கு அது குடும்பப் பேரு. அதுல ஒருத்தர் கி.மு. 216-ல ஹன்னிபாலோட மோதுன கன்னே போர்ல செத்தாரு, அவரு மகன் கி.மு. 168-ல பிட்னாவுல மாசிடோனிய ராசாவத் தோக்கடிச்சாரு. பேருல சின்னவங்க, ஊரே கொண்டாடுன தளபதிங்க. இத உங்கம்மாகிட்ட சொல்லு.

அதவிட முக்கியமா நம்மூரப் பாக்கச் சொல்லு. சின்னப்பொண்ணு, சின்னத்தாயி, சின்னக்காளைனு உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் எத்தன பேரு இருக்காங்க, யாராவது அத மட்டமா நெனைச்சிருக்கோமா? சின்னதுன்னா நமக்கு செல்லம்னுதான அர்த்தம்.

பவுலாங்கிற பேருல ஒரு புனிதையும் இருக்காங்க. 347-ல ரோமாபுரியில பெரிய பணக்காரக் குடும்பத்துல பொறந்தவங்க, அஞ்சு பிள்ளைகளுக்குத் தாய், முப்பது வயசத் தாண்டுன கொஞ்சத்துலயே தாலியறுத்தவங்க. அப்புறம் பெத்லகேமுக்குப் போயி மடம் கட்டி, பைபிள லத்தீன்ல மொழிபெயர்த்த புனித ஜெரோமுக்குக் கூடவே நின்னாங்க, எபிரேயம் கத்துக்கிட்டு சங்கீதங்கள அந்த பாஷையிலயே பாடுற அளவுக்குப் படிப்பாளி. 404-ல இறந்துட்டாங்க, திருநாள் ஜனவரி 26. கையில இருந்த சொத்தையெல்லாம் குடுத்துட்டு அந்த வயசுல புதுசா ஒரு பாஷை படிச்ச பொம்பளையோட பேரு, பொம்பளப்புள்ளைக்கு வைக்க இதவிட என்ன வேணும்?

உச்சரிப்பு பத்தி ஒண்ணு சொல்லிர்றேன். இங்கிலீஷ்காரங்க மாதிரி பாலானு கூப்பிட வேண்டாம், லத்தீன்ல 'அவு'ங்கிற ஓசைதான், நம்மாளுங்க பவுலு பவுலுனு கூப்பிடுறதுதான் மூலத்துக்குப் பக்கம். பவுலினாவும் அதே வேர்ல இருந்து வந்ததுதான், ஆனா உங்க அத்தைக்கு சின்னப்பன்னு காட்ட நேரா பவுலாவே தெளிவா இருக்கும். பிறப்புச் சான்றிதழ்ல பவுலானு பதிஞ்சுட்டு வீட்டுல சின்னம்மானு கூப்பிடுங்க, அத்தையவே மொதல்ல கூப்பிடச் சொல்லு.

கேள்வி: சவுல்ங்கிற பேர ஆண்டவர்தான் பவுல்னு மாத்துனாருனு சின்ன வயசுல சொல்லிக்குடுத்தாங்க, உண்மையா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தமஸ்குங்கிற ஊருக்குப் போற வழியில சவுலுக்கு ஆண்டவர் தரிசனம் குடுத்தத பைபிள் சொல்ற இடத்துல பேரு மாத்துனதா ஒரு வரி கூட இல்லங்க. பைபிள்ல திருத்தூதர் பணிகள் புத்தகம் 13-ம் அதிகாரம் 9-ம் வசனத்துலதான் சவுலுக்கு பவுல்னும் பேருனு போற போக்குல வருது, அதுவும் சைப்ரஸ்ல செர்கியுஸ் பவுலுஸ்ங்கிற ரோம ஆளுநரப் பாக்குற இடத்துல. அவரு யூதரு, அதே நேரம் ரோமக் குடிமகன். வீட்டுல கூப்பிட சவுல், ரோமாக்காரங்க மத்தியில பவுல், நம்ம பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒரு பேரும் ஸ்கூலுக்கு ஒரு பேரும் இருக்குல்ல, அந்த மாதிரிதான்.